நீண்ட ஆபரேஷனில் சர்ஜனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது: ஏ.சி.யை 16-க்கு இறக்கினால் தீருமா?

பங்சார்_ஸ்க்ரப்
வணக்கம். கோலாலம்பூரில் ஒரு ஓடி (ஆபரேஷன் தியேட்டர்), பெயர் வேண்டாம். 6க்கு 6 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம், மேசைக்கு மேலே லாமினார் டிஃப்பியூசர் (வடிகட்டிய காற்றை நேராகக் கீழே இறக்கும் கூரைத் துவாரம்). முதுகெலும்பு கேஸ்கள், 6 முதல் 8 மணி நேரம் ஓடும். சி-ஆர்ம் (நடமாடும் எக்ஸ்ரே கருவி) இருப்பதால் எல்லாருக்கும் ஈய ஏப்ரன், அதன் மேல் லெவல் 4 (ரத்தம் ஊடுருவாத உச்சத் தடுப்பு) கவுன்.

தெர்மோஸ்டாட் 18-ல் இருக்கிறது. சர்ஜன் 16 கேட்கிறார். 16 வைத்தால் கதவோரச் சுவர் ஈரமாகிறது, டிஃப்பியூசர் விளிம்பில் சொட்டு நிற்கிறது, லூப்ஸ் (சர்ஜன் மாட்டும் பூதக்கண்ணாடி) மங்குகிறது. சர்குலேட்டிங் நர்சும் (ஸ்க்ரப் செய்யாமல் அறையில் நடமாடி உதவுபவர்) மயக்க மருந்து டாக்டரும் ஜாக்கெட் போட்டும் நடுங்குகிறார்கள். சர்ஜனுக்கோ வேர்ப்பது குறையவே இல்லை. ஏ.சி.யைச் சரி செய்யச் சொல்வதா, கூலிங் வெஸ்ட் (உடம்பைக் குளிர்விக்கும் கையில்லாச் சட்டை) வாங்கச் சொல்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சில்லர்க்காரன்
சிஸ்டர், நீங்கள் எழுதிய அடையாளங்கள் எல்லாமே ஈரப்பதக் கோளாறு. வெப்பநிலைக் கோளாறு இல்லை. தெர்மோஸ்டாட்டைத் தொடுவதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள்.

குளிர்காயிலை, அதாவது குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய் அடுக்கைத் தாண்டி வரும் காற்று 12 டிகிரி என்று வையுங்கள். சில்லரிலிருந்து (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வரும் சாதாரண 6 டிகிரித் தண்ணீரில் ஏறக்குறைய அதுதான் கிடைக்கும். அந்தக் காற்றில் இருக்கும் நீராவியின் அளவு மாறாது. அறை எவ்வளவு குளிர்கிறதோ அந்த அளவுக்கு ஈரப்பதச் சதவீதம் ஏறும். 22 டிகிரியில் 53 சதவீதம், 20-ல் 60, 18-ல் 68, 16-ல் 77. இது உள்ளே இருக்கிற எட்டுப் பேரின் மூச்சையும் வியர்வையையும் சேர்க்காத கணக்கு. ஆஷ்ரே 170 (மருத்துவமனைக் காற்றோட்டத்துக்கான அமெரிக்கத் தரம்) சொல்வது 20 முதல் 24 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 60 சதவீதம். அந்த 60 ஏன் அங்கே நிற்கிறது என்று இப்போது தெரிகிறதா?

சுவர் நனைவது கதவு வழியாக. வெளியே காரிடார் 24 டிகிரி, 65 சதவீதம் இருந்தால் அதன் பனிநிலை (நீராவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) 17. உங்கள் சுவர் 16. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் காரிடார் காற்று அந்தச் சுவரில் தண்ணீராகிறது. 18-ல் சுவர் தப்பிப்பது ஒரே ஒரு டிகிரியில். டிஃப்பியூசர் விளிம்பும் அதே கதைதான்: 12 டிகிரி உலோகம், 12-க்கு மேல் பனிநிலை உள்ள அறைக்காற்று. அந்தச் சொட்டு ஹெப்பா ஃபில்டரின் (நுண்துகள் வடிகட்டி) ஓரத்தில் ஊறினால் பூஞ்சை பிடிக்கும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் அறை 108 கன மீட்டர். மணிக்கு 20 தடவை காற்று மாற வேண்டும் என்றால் விநாடிக்கு 600 லிட்டர். இந்தக் காற்றோட்டம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 0.72 கிலோவாட் சூட்டைத் தூக்கும். ஆட்கள், விளக்கு, சி-ஆர்ம், மயக்க மருந்து மெஷின், நோயாளியைச் சூடாக்கும் வார்மர் எல்லாம் சேர்ந்து 3.5 கிலோவாட் என்றால் 12 டிகிரி சப்ளையில் அறை 17-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். 16 என்று பட்டனில் எழுதலாம், அறை போகாது. ஃபில்டர் அடைத்துக் காற்று 450 லிட்டராகக் குறைந்தால் 18.5-க்கே தள்ளாடும்.

அடுத்த முறை எழுதும்போது இவற்றை அளந்து போடுங்கள்: ஏ.எச்.யு.வுக்குள் (காற்றைக் குளிர்வித்து அறைக்கு அனுப்பும் மெஷின்) வரும் சில்லர் தண்ணீரின் வெப்பநிலை, காயிலைத் தாண்டிய காற்றின் வெப்பநிலை, அறை ஈரப்பதம் (சுவர்த் தெர்மோஸ்டாட்டை நம்ப வேண்டாம், மேசைப் பக்கம் தனி லாகர் வையுங்கள்), ஹெப்பாவின் இருபக்க அழுத்த வித்தியாசம், காரிடாரை விட அறை எத்தனை பாஸ்கல் அதிகம், ரீஹீட் வேலை செய்கிறதா.

பங்சார்_ஸ்க்ரப்
ரீஹீட் என்றால் சூடாக்குவதுதானே? குளிர் போதவில்லை என்கிறோம், சூட்டைப் போடச் சொல்கிறீர்களே அண்ணே!

சில்லர்க்காரன்
எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. காலையில் கேஸ் தொடங்கும் முன் அறையில் சூடு குறைவு, 1.5 கிலோவாட் இருக்கலாம். 12 டிகிரி காற்றை அப்படியே விட்டால் அறை 14-க்குப் போய்விடும். அதனால் கன்ட்ரோலர் தண்ணீர் வால்வை மூடத் தொடங்கும். வால்வு மூடினால் காயில் 15, 16-க்கு ஏறும். காற்று குளிரும், ஆனால் நீராவியைப் பிழியாது. அறை 18, ஈரம் 85 என்று நிற்கும். காயில் எப்போதும் நன்றாகக் குளிர்ந்து நீராவியைப் பிழிய வேண்டும், பிறகு தேவையான அளவு மட்டும் ரீஹீட் ஏற்ற வேண்டும். கரண்ட் மிச்சம் என்று ரீஹீட் பிரேக்கரை இறக்கி வைப்பதுதான் நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் வினை. இரவில் ஏ.எச்.யு.வை முழுதாக நிறுத்துவது அதற்குத் தம்பி. நிறுத்தாதீர்கள், காற்றோட்டத்தைக் குறைத்து ஓடவிடுங்கள். பாசிட்டிவ் பிரஷர் (காரிடாரை விட அறையில் அழுத்தம் அதிகம் இருப்பது) மட்டும் போகக்கூடாது.

உண்மையாகவே 18 டிகிரியும் 60-க்குள் ஈரமும் வேண்டும் என்றால் காயிலைத் தாண்டிய காற்று 10-க்குக் கீழே வர வேண்டும். 16-ம் 60-ம் வேண்டும் என்றால் 8. அதற்குத் தண்ணீர் 4, 5 டிகிரியில் வர வேண்டும், காயிலும் ஆழமானதாக, எட்டு வரிசைக் குழாய்களோடு, இருக்க வேண்டும். கட்டடம் முழுமைக்கும் உள்ள சில்லரை அந்த அளவுக்கு இறக்குவது வீண் செலவு, எவாப்பரேட்டர் (சில்லருக்குள் தண்ணீர் குளிரும் பகுதி) உறையும் பயமும் உண்டு. ஓடிகளுக்கு மட்டும் சின்னதாக ஒரு கிளைக்கால் (glycol, தண்ணீர் உறையாமல் தடுக்கும் திரவம்) சில்லர் வைப்பது வழி. இல்லை என்றால் வெளிக்காற்றை மட்டும் ஈரம் உறிஞ்சும் சக்கரத்தில் காய வைத்து உள்ளே விடலாம்; ஆனால் அது காற்றைச் சூடாக்கிவிடும், பின்னால் திரும்பக் குளிர்விக்க வேண்டும்.

நம் ஊர் வெளிக்காற்று 33 டிகிரியில் ஒரு கிலோவுக்கு 20 கிராம் தண்ணீர் சுமந்து வரும். 100 சதவீத வெளிக்காற்றில் ஓடும் ஓடி என்றால் உங்கள் அளவு அறைக்கு மணிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீர் காயிலில் இறங்கும். டிரெயின் டிராப் (தண்ணீர் வடியும் வளைகுழாய்) ஆழம் போதவில்லை என்றால் ஃபேன் அந்தத் தண்ணீரை உறிஞ்சித் தட்டில் நிறுத்தி, காற்றோடு திரும்ப அனுப்பும். ஃபேன் இழுப்பு 500 பாஸ்கல் என்றால் 50 மில்லிமீட்டர் தண்ணீர். டிராப் அதைவிட 25 மில்லிமீட்டராவது கூடுதல் ஆழம் இருக்கட்டும்.

பினாங்கு_மயக்கம்
ஏ.சி. பேச்சில் மேசையில் படுத்திருப்பவரை மறந்துவிட வேண்டாம். உடல் வெப்பம் 36-க்குக் கீழே போனால் ரத்தம் உறைவது கெடும், மருந்து இறங்கத் தாமதமாகும், காயத்தில் தொற்று கூடும். 1996-ல் வந்த பெருங்குடல் சர்ஜரி ஆய்வு (200 நோயாளிகள்) இன்றும் எல்லாரும் காட்டுவது: சூடாக வைத்தவர்களில் தொற்று 6 சதவீதம், குளிரவிட்டவர்களில் 19.

அதற்காக சர்ஜனை வேக வைக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் நைஸ் (NICE, அந்நாட்டு மருத்துவ வழிகாட்டு அமைப்பு) வழிகாட்டுதல் சொல்வது தெளிவு: நோயாளியின் உடல் திறந்திருக்கும்போது, சூடேற்றும் கருவி தொடங்கும் வரை, அறை 21-க்குக் குறையக்கூடாது. கருவி ஓட ஆரம்பித்த பிறகு வேலை செய்பவர்களின் வசதிக்காக இறக்கலாம். ஆகவே வரிசை இப்படி: உள்ளே கொண்டுவரும் முன் 30 நிமிடம் வார்டிலோ ஹோல்டிங்கிலோ (தியேட்டருக்கு முன் காத்திருக்கும் இடம்) சூடேற்றுங்கள்; 21-ல் குழாய் போடுவது, குப்புறப் போடுவது, கிளீனிங், டிரேப்பிங் (கிருமி நீக்கிய துணியால் மூடுவது); டிரேப் போட்டு வார்மர் ஓடியதும் 19-க்கு இறக்குங்கள்.  டிரிப் 500 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் 37 டிகிரிக்குச் சூடேற்றியே கொடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: காற்று ஊதும் வார்மரின் சூடு எங்கே போகிறது? போர்வையின் விளிம்பு ஒட்டாமல் இருந்தால் 40 டிகிரிக்கு மேற்பட்ட காற்று டிரேப்புக்கு அடியிலிருந்து நேராக சர்ஜனின் தொடைக்கும் வயிற்றுக்கும் வரும். போர்வையின் பசை விளிம்பை அழுத்தி ஒட்டுங்கள், டிரேப்பை மேசைக்குக் கீழே நன்றாகத் தொங்கவிடுங்கள். குப்புறப் படுக்கும் முதுகெலும்பு கேஸுக்குக் கால்பக்கப் போர்வையோ, உடலுக்கு அடியில் போடும் மின்சாரச் சூட்டு மெத்தையோ சர்ஜனுக்கு நிம்மதி. போர்வை இல்லாமல் வெறும் குழாயை டிரேப்புக்குள் நுழைத்து ஊதவே கூடாது, தோல் வெந்துவிடும்.

ஜார்ஜ்டவுன்_எலும்பு
ஏ.சி. 18-ல் இருந்தும் ஏன் வேர்க்கிறது என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை. நின்று கைவேலை செய்பவர் 160, 170 வாட் சூட்டை வெளியே விட வேண்டும். ஈய ஏப்ரன் வினைலில் தைத்தது. காற்றும் போகாது, நீராவியும் போகாது. அதன் மேல் லெவல் 4 கவுன். கழுத்து முதல் முழங்கால் வரை மூடிய பாத்திரம். வியர்வை வரும், ஆனால் ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை குளிர்ச்சி தராது, உள்சட்டையைத்தான் நனைக்கும். அதனால்தான் அறையை இரண்டு டிகிரி இறக்கியும் பெரிய மாற்றம் தெரிவதில்லை. சூடு வெளியேற மிஞ்சியிருப்பது தலை, கழுத்து, முதுகு.

அந்த மூன்றையும் திறந்துவிடுங்கள். கவுன் வாங்கும்போது லெவலை மட்டும் பார்க்காதீர்கள், முதுகுத் துணியையும் பாருங்கள். லெவல் 4 என்பது நெஞ்சுப் பகுதிக்கும் கைகளுக்கும் வேண்டியது. முதுகு மூச்சு விடும் துணியாக இருக்கலாம், அப்படி விற்கிறார்கள். பின்பக்கமும் பிளாஸ்டிக் ஒட்டியதை வாங்கினால் சர்ஜனைப் பொட்டலம் கட்டியது போலத்தான். ரத்தமும் தண்ணீரும் குறைவான சின்னக் கேஸுக்கு லெவல் 3 போதும்.

ஏப்ரன் விஷயத்தில் ஒரே துண்டாகத் தோளில் தொங்குவதை விட்டு மேலாடை, பாவாடை என இரண்டாக எடுங்கள். இடுப்பு எடை தாங்கும், இடையில் கொஞ்சம் காற்றும் புகும். முன்னால் 0.25 மில்லிமீட்டர் இரண்டு மடிப்பாகச் சேர்ந்து 0.5 ஆகும் வகை நல்லது. சி-ஆர்ம் வேலை முடிந்த பிறகும் மூன்று மணி நேரம் பாக்கி இருந்தால், ஸ்க்ரப்பை விட்டு வெளியே வந்து ஏப்ரனைக் கழற்றிப் புதுக் கவுன் போடுவது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள்தான் கடைசி மணி நேரத்தில் நெற்றியைத் துடைக்க ஆள் தேடுவார்கள்.

விளக்கு: எல்.இ.டி. விளக்கின் கதிரில் சூடு குறைவுதான், ஆனால் விளக்குத் தலையே சூடாகி சர்ஜனின் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். லாமினார் காற்றையும் அது மறைக்கும். மேலே குளிர்காற்று இறங்கினாலும் விளக்கின் நிழலில் நிற்பவருக்கு எட்டாது. தலைக்கு நேர் மேலே வைக்காமல் தோளுக்குப் பின்னாலிருந்து சாய்த்து அடியுங்கள். இரண்டு தலையையும் உச்ச வெளிச்சத்தில் வைப்பதை விட ஹெட்லைட் ஒன்றும் பெரிய விளக்கு பாதியுமாக வைத்தால் போதும்.

கழுத்தில் மாட்டும் சின்ன ஃபேன் சிலர் கவுனுக்குள் போடுகிறார்கள், அது உதவுமா?

தொற்று_தடுப்பு
வேண்டவே வேண்டாம் டாக்டர். தோலிலிருந்து உதிரும் செதில்களில்தான் கிருமி பயணம் செய்யும். கவுனுக்குள் ஃபேன் வைத்தால் அந்தச் செதில்களைக் கழுத்து வழியாகவும் கை ஓரத்திலும் ஊதி வெளியே அனுப்புகிறீர்கள். நிற்கிற ஃபேன், ஸ்பாட் கூலர் எதுவும் ஓடிக்குள் கூடாது.

மூட்டு மாற்றத்துக்குப் போடும் ஹெல்மெட் வேறு விஷயம். அதிலும் ஃபேன் உண்டு. ஆனால் கவுனும் ஹூடும் முழுதாகப் போட்டுக் கட்டிய பிறகே ஃபேனை ஆன் செய்ய வேண்டும். முன்கூட்டியே ஆன் செய்தால் போடும்போதே சுற்றிலும் தூவிவிடும். கைப்பட்டையும் கையுறையும் சேரும் இடம்தான் பலவீனம், அங்கே காற்று கசியாமல் பாருங்கள். இடுப்பு மூட்டு மாற்றத்தின் முன்னோடியான ஆங்கிலேய சர்ஜன் சார்ன்லி 1960-களில் தொடங்கிய உடையில் காற்றை உள்ளிருந்து உறிஞ்சி வெளியே எடுத்தார்கள். இன்றைய ஹெல்மெட் உள்ளே ஊதுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

நெற்றிக்கு: தொப்பிக்கு அடியில் உறிஞ்சும் பட்டை ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்குலேட்டிங் நர்ஸ் மாற்றட்டும். துடைக்கும்போது சர்ஜன் மேசையிலிருந்து முகத்தைத் திருப்ப வேண்டும், உலர்ந்த காஸ் துணி, ஒரே அழுத்து; தேய்க்கக் கூடாது. லூப்ஸ் மங்கினால் மாஸ்க்கின் மேல் விளிம்பில் டேப் ஒட்டுங்கள், மூச்சு மேலே போகாது.

பயோமெட்_பட்டர்வொர்த்
வெஸ்ட் பற்றிக் கேட்டீர்கள் சிஸ்டர், விவரமாகச் சொல்கிறேன். மூன்று வகை உண்டு.

ஐஸ் பாக்கெட் வெஸ்ட்டை விடுங்கள். பூஜ்ஜியம் டிகிரி ஐஸ் தோலைச் சுருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், வெளியே தண்ணீர் வடியும், ஒரு மணி நேரத்தில் வெறும் சுமை.

உருகும் மெழுகு, உப்பு பாக்கெட் வெஸ்ட் நல்லது. குறிப்பிட்ட ஒரு டிகிரியில் உருகும்போது உடம்புச் சூட்டை வாங்கும். 15, 21, 28 டிகிரி என்று கிடைக்கும். கணக்கு இது: ஒரு கிலோ ஏறக்குறைய 200 கிலோஜூல். இரண்டு கிலோ என்றால் 400. உடம்பிலிருந்து 60 வாட் (விநாடிக்கு 60 ஜூல்) இழுத்தால் 6,600 விநாடி, அதாவது 1 மணி 50 நிமிடம். 8 மணி நேர கேஸுக்கு இது போதாது. ஸ்க்ரப் செய்தவர் உள்ளே கைவிட்டுப் பாக்கெட் மாற்ற முடியாது. ஆகவே இடைவேளை எடுக்கும் சர்ஜனுக்கே பொருந்தும்: இரண்டு செட், ஒன்று உடம்பில், ஒன்று ஃபிரிட்ஜில். 15 டிகிரிப் பாக்கெட் ஐஸ் தண்ணீரில் அரை மணியில் கட்டியாகும், 21 சாதாரண ஃபிரிட்ஜில் ஆகும், 28-ஐ ஏ.சி. அறையில் தட்டில் பரப்பி வைத்தாலே போதும். இந்த 28 மெல்லக் குளிர்விக்கும், ஆனால் அறைக்கு வெளியே ஐஸ் பெட்டி தேட வேண்டாம்.

மூன்றாவது, தண்ணீர் ஓடும் குழாய் வெஸ்ட். நீண்ட கேஸுக்கு இதுதான். உள்சட்டையின் மேல் வெஸ்ட், அதன் மேல் ஈய ஏப்ரன், பிறகு கை கழுவி கவுன். கை கழுவும் முன்பே வெஸ்ட் போட்டுத் தண்ணீர் ஓடவிட்டுச் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் கவுனின் பின் விளிம்புக்குக் கீழே, இடுப்புக்கு வெகு தாழ்வாக வெளிவந்து சுவர்ப் பக்கம் போகட்டும். தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள், யாராவது தடுக்கி விழுவார்கள். இணைப்பு கழற்றினாலும் சொட்டாத, தானாக மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். தண்ணீரை 15 முதல் 18 டிகிரியில் வையுங்கள். இன்னும் குளிர் வேண்டும் என்று 8-க்கு இறக்கினால் குழாயின் மேல் வேர்க்கும், வெஸ்ட் நனையும். அறை ஈரம் 60-க்குள் இருந்தால் 15-ல் வேர்க்காது. அறை 18 டிகிரி, 85 சதவீதம் என்றால் 15-லேயே வேர்க்கும். சில்லர்க்காரன் அண்ணன் சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

பம்ப் நோயாளியிலிருந்து 1.5 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். மின் கசிவு சோதனை செய்து டேக் ஒட்டாமல் உள்ளே விடாதீர்கள்.

தொற்று_தடுப்பு
பம்ப்பின் தொட்டி திறந்த தொட்டியா, மூடியதா? இதயச் சர்ஜரியில் ரத்தத்தின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹீட்டர் கூலர் தொட்டியில் வளர்ந்த மைக்கோபாக்டீரியம் கைமேரா என்ற கிருமி, அந்த மெஷினின் ஃபேன் காற்றில் ஏறி நோயாளிகளின் நெஞ்சுக்குள் போனது 2015 வாக்கில் உலகம் முழுக்க எச்சரிக்கையாக வந்தது. அதே வடிவம்தான் இதுவும்: தேங்கிய தண்ணீர், பக்கத்தில் ஃபேன். ஐஸ் பெட்டியில் பம்ப் போட்டுச் செய்த வீட்டு வேலைக்கு அனுமதி தர மாட்டேன். மூடிய தொட்டி, மெஷின் ஓடிக்கு வெளியே அல்லது எக்ஸாஸ்ட் கிரில் பக்கம், தினமும் தண்ணீரை வடித்துக் காய வைக்க வேண்டும். துணியிலிருந்து பாக்கெட், குழாய்களைக் கழற்றி 71 டிகிரியில் 3 நிமிடமாவது சலவை. ஆளுக்கொரு வெஸ்ட், பெயர் எழுதி.

பினாங்கு_மயக்கம்
தண்ணீர் குடிப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரப்புக்கு முன் அரை லிட்டர். ஹண்ட்ரட் பிளஸ் போன்ற உப்புச் சத்துப் பானம் என்றால் இன்னும் நல்லது. இரண்டு தே தாரேக் (ஆற்றிய பால் டீ) குடித்துவிட்டு எட்டு மணி நேரம் நிற்பது வேறு கணக்கு. நடுவில் மாஸ்க்குக்கு அடியில் ஸ்ட்ரா, சர்குலேட்டிங் நர்ஸ் பிடிக்க, மேசையிலிருந்து திரும்பி நின்று.

பச்சைக்குழந்தை கேஸ், தீக்காயம் இரண்டிலும் அறையை இறக்க முடியாது. 28-க்கு மேலும் போகும். அங்கே வெஸ்ட் ஒன்றுதான் வழி, ஏ.சி. பேச்சே இல்லை.

பங்சார்_ஸ்க்ரப்
எல்லாருக்கும் நன்றி. மெயின்டனன்ஸ் தம்பி அளந்து கொடுத்தது: ஏ.எச்.யு.வுக்கு வரும் தண்ணீர் 8.4, திரும்பும் தண்ணீர் 13. காயிலைத் தாண்டிய காற்று 13.6. அறை 18.0, ஈரம் 77. காற்றோட்டம் 480 லிட்டர், டிசைன் 600. ஹெப்பா 410 பாஸ்கல். அறை காரிடாரை விட 3 பாஸ்கல் அதிகம். ரீஹீட் பிரேக்கர் ஆஃப். யார் இறக்கியது என்று யாருக்கும் தெரியவில்லையாம். சில்லர் ரூம் டிஸ்ப்ளேயில் தண்ணீர் 6.5 என்றுதான் காட்டுகிறது.

சில்லர்க்காரன்
யாருக்கும் தெரியாது, எங்கும் அப்படித்தான் லா!

சில்லரில் 6.5, உங்களிடம் 8.4. வழியில் சூடான தண்ணீர் கலக்கிறது. 6.5-ம் 13-ம் கலந்து 8.4 வர வேண்டுமானால் கிட்டத்தட்ட 30 சதவீதம் திரும்பும் தண்ணீர். பைப் இன்சுலேஷன் மோசமானால் இவ்வளவு ஏறாது. ஓடாமல் நிற்கும் ஸ்டாண்ட்பை சில்லரின் ஐசொலேஷன் வால்வு முழுதாக மூடவில்லை என்பது என் முதல் சந்தேகம். திரும்பும் தண்ணீர் அதன் வழியே குளிராமல் கடந்து சப்ளையில் சேர்கிறது. இரண்டாவது, திரும்பும் பைப்பையும் சப்ளை பைப்பையும் இணைக்கும் பைபாஸ் லைன்: கட்டடத்துக்குத் தண்ணீர் அனுப்பும் செகண்டரி பம்ப் தேவைக்கு மேல் இழுத்தால் அதுவும் இதையே செய்யும்.

இந்த வாரமே முடிவது: வால்வு, ரீஹீட். ரீஹீட்டை ஆன் செய்யும் முன் காற்றோட்ட இன்டர்லாக்கும் (காற்று நின்றால் ஹீட்டரை நிறுத்துவது) ஹை-லிமிட் கட்அவுட்டும் (சூடு மிஞ்சினால் நிறுத்துவது) வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். எத்தனை நாள் கிடந்ததோ, தூசி படிந்த எலிமென்ட் முதல் தடவை தீய்ந்த வாடை அடிக்கும், காலி அறையில் ஓட்டுங்கள். ஹெப்பா மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். மாற்றியதும் கசிவுச் சோதனை, துகள் எண்ணிக்கை, பிறகு காற்றோட்டத்தை 600-க்கு செட் செய்வது, மூன்றும் அதே நாளில். முன் ஃபில்டர்களையும் அன்றே மாற்றுங்கள், இல்லை என்றால் புது ஹெப்பா சீக்கிரம் அடைக்கும்.

தண்ணீர் 6.5-க்கு வந்தால் காயிலைத் தாண்டிய காற்று 12-க்குப் பக்கத்தில் இறங்கும். அப்போது அறையை 20-ல் வையுங்கள், 18-ல் அல்ல. ஈரம் 60-ஐ ஒட்டி வரும். சர்ஜனிடம் 20 என்று சொல்லாதீர்கள், முதலில் நின்று பார்க்கட்டும்.

பங்சார்_ஸ்க்ரப்
டிஸ்ப்ளே அவர் நிற்கும் இடத்துக்கு எதிரேதான் இருக்கிறது அண்ணே.

சில்லர்க்காரன்
அப்படியென்றால் வெஸ்ட்டை அன்றைக்கே போட்டுவிடச் சொல்லுங்கள். நாளைக் காலை முதல் வேலை, ஓடாத சில்லரின் சப்ளை பைப்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். அறைச் சூட்டில் இல்லாமல் சில்லென்று இருந்தால் வால்வு திறந்திருக்கிறது.